ஒன்பதாம் எண் அறை

ஜனவரி 9

அன்புள்ள வாலுக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் நலம். நலம் என்றால், அவளுக்கு முழங்கால், எனக்கு இடுப்பு. மற்றபடி குறை ஒன்றுமில்லை. நீயும் மாப்பிள்ளையும் நலம்தானே? ஐம்பத்து நாலு வயசுக்காரியை இன்னும் வாலு என்கிறானே என்று முகத்தைச் சுளிக்காதே. போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் "ம்", "அப்புறம்" என்பதோடு சரி. அதனால்தான் இந்தக் காலத்திலும் தபால்காரருக்கு வேலை வைக்கிறோம்.

விஷயம் இதுதான். ஆகஸ்ட் கடைசியில் எனக்கு ஓய்வு. முப்பத்து நாலு வருஷம் அரசாங்கத்துக்குப் பிளான் போட்டாயிற்று. பதினொரு கோர்ட், நாலு பத்திரப்பதிவு ஆபீஸ், இரண்டு பஸ் நிலையம், ஒரு நூலகம். போகிற நேரத்தில் பன்னிரண்டாவதாக ஒரு கோர்ட்டைத் தலையில் கட்டியிருக்கிறார்கள். எங்கள் தலைமைப் பொறியாளர் என்னைவிடப் பத்து வயசு சின்னவர். "எதுக்கு சார் புதுசா மண்டையை உடைச்சுக்கறீங்க? பழைய மாதிரி பிளானையே தேதி மாத்தி அனுப்பிட்டு நிம்மதியா வீட்டுக்குப் போங்க" என்கிறார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. பென்சிலைக் கையில் எடுத்தாலே அலுப்பாக இருக்கிறது.

அந்த மாதிரி பிளானே உங்கள் ஊர்க் கோர்ட்டிலிருந்து எடுத்ததுதான். என் முதல் கட்டிடம். நான் வரைந்தேன், மாப்பிள்ளை சைட் எஞ்சினியராக நின்று கட்டினார். அந்தப் பழக்கத்தில்தானே அவர் நம் வீட்டு மாப்பிள்ளையும் ஆனார். நான் அதன் உள்ளே போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நீ ஒரு நாள் போய்ப் பார்த்து, எது சரியாக இருக்கிறது, எது இல்லை என்று நாலு வரி எழுது. மாப்பிள்ளையிடம் கேட்கலாம்தான். கட்டியவரைக் கேட்டால் எல்லாம் பிரமாதம் என்பார். குறை கண்டுபிடிப்பதில் நீதான் கெட்டிக்காரி.

மாப்பிள்ளையை நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அண்ணன்


பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணா,

நான் நலம். அண்ணியின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் நல்லது. கொடுக்க வேண்டியது நீ.

கோர்ட்டைப் பார்த்தேன். தனியாகப் போய் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் மாடிவீட்டு அம்மாவுக்கு அங்கே ஒரு வழக்கு நடக்கிறது. அவளுக்குத் துணையாகப் போகிறேன்.

தூரத்திலிருந்து பார்த்தால் உன்மேல் மரியாதை வருகிறது. கிட்டப் போனால்தான் கோபம் வருகிறது. வாசலுக்கு இருபத்திரண்டு படி. யாருக்கு அண்ணா இத்தனை படி? கோர்ட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வரும்போதே ஓய்ந்துபோய்த்தான் வருகிறார்கள். போன தடவை ஒரு பெரியவர் பத்தாவது படியில் உட்கார்ந்துவிட்டார். "தீர்ப்பை இங்கயே கொண்டாந்து குடுக்கச் சொல்லுங்கப்பா" என்றார். சிரித்தேன், அப்புறம் நானும் அடுத்த படியில் உட்கார்ந்துவிட்டேன்.

உள்ளே ஜட்ஜுக்கு அறை, வக்கீல்களுக்கு அறை, குமாஸ்தாவுக்கு அறை, கேஸ் கட்டுகளுக்கு இரண்டு அறை. காத்திருக்கிறவர்களுக்கு வராந்தாவில் மூன்று பெஞ்ச், அவ்வளவுதான். மத்தியானம் இரண்டு மணிக்கு மேற்கு வெயில் நேராக மடியில் வந்து உட்காரும். நாலு மணி வரை எழுந்திருக்காது. கழிப்பறைச் சாவி குமாஸ்தாவிடம். கேட்டால் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் தருவார்.

இன்னொன்று. அறைக் கதவுகளில் எண் போட்டிருக்கிறதே, எட்டுக்கு அப்புறம் பத்துதான் இருக்கிறது. ஒன்பதைக் காணோம். நடுவில் வெறும் சுவர். அதில் ஒரு கதவை அடைத்துப் பூசிய தடம் தெரிகிறது, என் பெஞ்சுக்கு நேர் பின்னால். பெயர் கூப்பிடுகிற டவாலியிடம் கேட்டேன். "ஒன்பது இந்தக் கோர்ட்டுக்கு ஆகாதும்மா" என்றார். அப்படியா?

அவர் நலம் என்று கேள்வி.

இப்படிக்கு,
வாலு


பிப்ரவரி 22

அன்புள்ள வாலுக்கு,

நலம். ஒத்தடம் கொடுக்கிறேன். உன் கடிதத்தை அண்ணி சத்தம் போட்டுப் படித்தாள், அதனால் தப்பிக்க வழியில்லை.

நாலு வரி கேட்டால் குற்றப்பத்திரிகையே அனுப்பிவிட்டாய். படிக்கு நான் என்ன செய்வேன்? அப்போதிருந்த ஜட்ஜ் என்னைக் கூப்பிட்டு, "கோர்ட்டுக்கு வர்றவன் கொஞ்சம் மூச்சு வாங்கணும்யா, அப்பத்தான் ஒரு பயம் இருக்கும்" என்றார். எனக்கு இருபத்தொன்பது வயசு. தலையாட்டினேன். வெயில் நான் வரைந்ததில்லை. இடத்தை மேற்குப் பார்க்கக் கொடுத்தவர்கள் அவர்கள்.

ஒன்பதாம் எண் பற்றிக் கேட்டிருந்தாய். கட்டும்போது ஏதோ மாற்றம் செய்தார்கள். இத்தனை வருஷத்துக்கு அப்புறம் யாருக்கு ஞாபகம் இருக்கிறது? டவாலி சொன்னதையே வைத்துக்கொள்.

அது என்ன, "நலம் என்று கேள்வி"? கொழுப்புதான் உனக்கு. இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லையா? ரிட்டயரான ஆண்பிள்ளை பகலெல்லாம் வீட்டில் இருந்தால் நாலு சண்டை வரத்தான் செய்யும். செப்டம்பரிலிருந்து எனக்கும் அதே கதிதான். மாப்பிள்ளையை எனக்கு இரண்டு வரி எழுதச் சொல்.

அன்புடன்,
அண்ணன்


மார்ச் 27

அன்புள்ள அண்ணா,

நலம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். மூன்றாவது தடவையாக வாய்தா போட்டுவிட்டார்கள். அதாவது, மாடிவீட்டு அம்மாவுக்கு.

அவள் வழக்கு என்னவென்று நான் சொல்லவில்லையே. புருஷன் பிரிந்து போகிறேன் என்று மனுப் போட்டிருக்கிறார். கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷம். அடியில்லை, குடியில்லை, வேறு பெண்ணும் இல்லை. இருந்தாலாவது திட்டலாம். "எனக்கு அலுத்துப்போச்சு, கொஞ்ச நாளாவது தனியா இருந்து பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஒரு பெட்டியோடு போய்விட்டார். குழந்தை குட்டி இல்லாத வீடு. கேட்க ஆளில்லை. இவள் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் வழக்கு முடிந்துவிடும். சொல்லாமல் இழுத்துக்கொண்டிருக்கிறாள்.

உன் கட்டிடத்தைப் பற்றித்தானே கேட்டாய், அதைச் சொல்கிறேன். இருப்பது மூன்று பெஞ்ச். இரண்டில் வக்கீல்களின் ஆட்கள் கட்டோடு உட்கார்ந்துவிடுவார்கள். மூன்றாவதில் மனுப் போட்டவரும் அதை எதிர்க்கிறவரும் ஒன்றாகத்தான் உட்கார வேண்டும். அவள் இந்த முனை, அவர் அந்த முனை. நடுவில் யாராவது வந்து உட்கார மாட்டார்களா என்று இருக்கும். அன்றைக்கு அவருக்கு விடாமல் இருமல். அவள் பையில் எப்போதும் இருமல் மிட்டாய் டப்பா உண்டு. அவருக்காக வாங்கி வைத்துப் பழகியது. கொடுக்கலாமா கூடாதா என்று மூன்று மணி நேரம் பையின் வாயைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். கொடுக்கவில்லை.

புது பிளானில் ஓர் அறை போடேன் அண்ணா. பெரிதாக வேண்டாம். நாலைந்து பெஞ்ச், ஒரு ஜன்னல், ஒரு கதவு. எதிராளியின் இருமல் காதில் விழாத தூரத்தில் உட்கார ஓர் இடம். முப்பத்து நாலு வருஷத்தில் இது ஏன் உனக்குத் தோன்றவில்லை?

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
வாலு


ஏப்ரல் 12

அன்புள்ள வாலுக்கு,

இங்கே நலம். அங்கே என்ன என்று இப்போதுதான் எனக்குச் சந்தேகம் வருகிறது.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். கோர்ட் கட்டுவதற்கு எங்கள் ஆபீஸில் ஒரு படிவம் உண்டு. நாற்பத்து மூன்று வரிசை. எந்த அறை, எத்தனை சதுர அடி, எல்லாம் அதில் இருக்கும். ஜட்ஜின் டிரைவர் உட்காரவும் ஒரு வரிசை இருக்கிறது. காத்திருக்கிறவர்களுக்கு இல்லை. அவர்கள் நிற்கிற இடமெல்லாம் 'நடைபாதை' கணக்கில் வருகிறது. தலைமைப் பொறியாளரிடம் கேட்டும் பார்த்தேன். "படிவத்துல இல்லாததைப் போட்டா ஆடிட்ல யார் சார் பதில் சொல்றது, நீங்கதான் போயிடுவீங்களே" என்றார். திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். வாதாடத் தெம்பில்லை. பழைய பிளானிலேயே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவது என்று இருக்கிறேன்.

இனி அண்ணி சொன்னது. உன் இரண்டு கடிதங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு சமையலறையிலிருந்து கேட்டாள். "தன் வீட்டுக்காரர் நல்லா இருக்கார்னு கேள்விப்பட்டதா எந்தப் பொண்ணாவது எழுதுவாளா? அது கிடக்கட்டும். அவ வீட்டுக்கு ஏதுங்க மாடி?"

உன் வீட்டு பிளான் நான் போட்டது. ஒற்றைத் தளம், மேலே தண்ணீர்த் தொட்டி. மாடிவீட்டு அம்மா என்ன, தொட்டிக்குள்ளேயா குடியிருக்கிறாள்? ஆயுள் முழுக்க பிளான் போட்டவனுக்கு இது உறைக்க இரண்டு கடிதமும் ஒரு பெண்டாட்டியும் தேவைப்பட்டது.

யாருடைய வழக்கு அம்மா அது? மறைக்காமல் எழுது.

அண்ணன்


மே 30

வாலு,

ஏழு வாரம் ஆகிறது. போன் செய்தால் நீ எடுப்பதில்லை. மாப்பிள்ளைக்குச் செய்தேன். எடுத்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "அவகிட்டயே கேளுங்க மச்சான்" என்று சொல்லி வைத்துவிட்டார். மச்சான் என்றுதான் கூப்பிட்டார்.

நான் கோபிக்க மாட்டேன். ஒரு தபால் அட்டையில் 'இருக்கிறேன்' என்று மட்டுமாவது எழுது. பன்னிரண்டாவது கோர்ட் பிளான் மேஜைமேல் அப்படியே கிடக்கிறது. கையெழுத்துப் போட்டு அனுப்பு என்று ஆள் மேல் ஆள் வருகிறார்கள். பேனாவை எடுத்தால் உன் பெஞ்சுதான் கண்ணில் நிற்கிறது.

அண்ணன்


ஜூன் 18

அன்புள்ள அண்ணா,

இருக்கிறேன்.

தொட்டிக்குள் குடியிருக்கிறாளா என்று கேட்டாயே, அதைப் படித்துவிட்டு முதலில் சிரித்தேன், பிறகு அழுதேன். வேறு யாரிடம் மாடி என்று புளுகினாலும் நம்பியிருப்பார்கள். போயும் போயும் உன்னிடம் சொன்னேன் பார்.

ஆமாம், என் வழக்குதான். அவர் போய் ஒன்றேகால் வருஷம் ஆகிறது. பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறையில் இருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். எனக்கு வந்த இரண்டு இடம் தட்டிப்போனபோது அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டவன் நீ. மூன்றாவதாக இவரைக் கைப்பிடித்துக் கூட்டிவந்து, "இவனை எனக்கு ஒரு வருஷமா தெரியும், சிமெண்டுல கலப்படம் பண்ணாதவன் வாழ்க்கையில பண்ண மாட்டான்" என்று சொன்னவனும் நீதான். பண்ணவும் இல்லை. அலுத்துப்போனது, அவ்வளவுதான். நான் சரி என்று சொன்னால் அன்றைக்கே முடிந்திருக்கும். முடிந்தால் உன்னிடம் சொல்லியாக வேண்டும். அதற்காகத்தான் வாய்தா வாய்தாவாக இழுத்தேன். வேறு காரணம் இல்லை.

போன வியாழக்கிழமை நல்ல மழை. சாரல் வராந்தாவுக்குள் அடித்தது. எல்லோரும் உள்பக்கம் நெருங்கியதில் நானும் அவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும்படி ஆனது. அவர்தான் ஆரம்பித்தார்.

"சுவத்துல சாஞ்சுக்க. ஈரம் வராது. நான் பூசினது."

"இது என்ன கதவு? எதுக்கு அடைச்சாங்க?"

"உங்கண்ணன் சொல்லலியா? இதான் ஒன்பதாம் நம்பர் ரூம். காத்திருக்கறவங்களுக்குன்னு போட்டாரு. திறப்பு விழாவுக்கு நாலு நாள் முன்னாடி, கட்டு வைக்க எடம் பத்தலைன்னு கேட்டாங்க. ஒரே நாள்ல அடைச்சேன்."

"அண்ணன் ஒண்ணும் கேக்கலியா?"

"கையெழுத்துப் போட்டாரு. அந்த வாரம்தானே நம்ம கல்யாணம். சண்டைக்கு நின்னா லீவு கிடைக்காது, கல்யாணம் தள்ளிப்போயிடும்னு பயம் அவருக்கு." கொஞ்சம் இருமினார். "பேசாம ரூமை அடைக்காம விட்டிருக்கலாம்."

"கல்யாணத்தைத் தள்ளிப் போட்டிருக்கலாம்" என்றேன்.

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வக்கீல் குமாஸ்தா திரும்பிப் பார்த்தார். எத்தனை வருஷமோ ஆயிற்று நாங்கள் சேர்ந்து சிரித்து. அதற்குள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

உனக்கு ஞாபகம் இல்லை என்று எழுதினாயே அண்ணா. நானாவது மாடிதான் கட்டினேன். ஒருத்தன் வரைந்தான், ஒருத்தன் அடைத்தான், அதற்கு முன்னால் நான் உட்கார்ந்திருக்கிறேன். கோபம் எல்லாம் இல்லை. களைப்பாக இருக்கிறது.

சமாதானம் பேச வராதே. அவருக்கு எழுதிக் கெஞ்சாதே.

வாலு


ஜூலை 3

அன்புள்ள வாலுக்கு,

நீ இருக்கிறாய், அது போதும். அண்ணி இரண்டு நாளாக என்னிடம் பேசவில்லை. கதவு விஷயத்தை அவளிடமும் நான் சொன்னதில்லை.

ஞாபகம் இல்லை என்றது பொய். இருபதுக்குப் பதினாலு அடி. வடக்கே இரண்டு ஜன்னல், வெயில் வராது. எதிரெதிர்ச் சுவரில் இரண்டு கதவு, இரண்டு தரப்பும் முட்டிக்கொள்ளாமல் வர. பக்கத்திலேயே கழிப்பறை. பிளானில் 'காத்திருப்போர் அறை' என்று என் கையால் எழுதினேன். மாப்பிள்ளை சொன்னது அத்தனையும் நிஜம். தலைமைக் குமாஸ்தா வந்து, "இப்போதைக்கு இதைக் குடுங்க, மூணு மாசத்துல பின்பக்கம் வேற ரூம் கட்டிக்கலாம்" என்றார். எனக்கும் தெரியும், கட்ட மாட்டார்கள் என்று. உன் கல்யாணத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை. அது மூன்றாவது இடம். இதுவும் தட்டிப்போனால் உன் முகத்தில் எப்படி விழிப்பது என்று பயந்தேன். போட்டுவிட்டேன்.

அதோடு போயிருந்தால் ஒரு கோர்ட். இரண்டு வருஷம் கழித்து, கட்டி முடித்த நிலையில் இருப்பதை அளந்து, அதையே மாதிரி பிளான் ஆக்கினார்கள். அடைத்த சுவரும் அதில் ஏறிவிட்டது. அறை எண்களையும் அப்படியே எடுத்தார்கள். பதினொரு ஊரில் எட்டுக்கு அப்புறம் பத்து. ஒவ்வொரு திறப்பு விழாவிலும் வராந்தாவில் நிற்கிறவர்களைப் பார்ப்பேன். அடுத்ததில் திருத்திக்கொள்ளலாம் என்று நினைப்பேன். மாலை போடுவார்கள், வந்துவிடுவேன். இப்படியே பத்துத் தடவை நினைத்தேன் வாலு. ஒரு தடவைகூட வாயைத் திறக்கவில்லை.

உன்னை அந்த பெஞ்சில் உட்கார வைத்தது நான்தான், கல்யாணத்தாலும் சரி, பிளானாலும் சரி. இதற்கு மன்னிப்பு என்று எழுதினால் நன்றாகவா இருக்கும்?

நேற்று ஒன்பதாம் எண் அறையைத் திரும்ப வரைந்தேன். தலைமைப் பொறியாளர் சிவப்பு மையால் அடித்துவிடுவார். அடிக்கட்டும்.

அண்ணன்


ஆகஸ்ட் 11

அன்புள்ள அண்ணா,

நலம். மன்னிப்பெல்லாம் எழுதாதே, உனக்கு அது வராது. இருபத்தொன்பது வருஷத்தில் இருபது வருஷம் நன்றாகத்தான் இருந்தோம். உன் பங்குக்கு அதையும் எடுத்துக்கொள்.

உன்னிடம் சொல்லியாயிற்று. இனி இழுக்கக் காரணமில்லை. போன தடவை ஜட்ஜிடம் சம்மதம் என்று சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?" என்று கேட்டார். உங்கள் வராந்தாவில் யோசிப்பதைத் தவிர வேறு என்ன செய்ய முடியும் என்று சொல்ல வாய் வரை வந்தது. செப்டம்பர் 12-ஆம் தேதி முடித்துவிடுவார்கள்.

நீ வர வேண்டாம். அந்தப் படியெல்லாம் உன் இடுப்புக்கு ஆகாது.

அறையை அடித்துவிட்டார்களா?

வாலு


செப்டம்பர் 1

அன்புள்ள வாலுக்கு,

நேற்றோடு ஓய்வு. ஒரு கடிகாரம் கொடுத்தார்கள். ஆபீஸுக்குப் போக வேண்டாதவனுக்கு எதற்குக் கடிகாரம் என்று அண்ணி கேட்கிறாள்.

அறையை அடித்தார்கள். இரண்டு தடவை. முதல் தடவை 'படிவத்தில் இல்லை'. இரண்டாவது தடவை 'கம்ப்யூட்டர் வைக்க ஒதுக்கவும்'. இங்கே இருப்பவர்களை எனக்குத் தெரியும். மூன்றாவது தடவை பேரை எடுத்துவிட்டேன். வெறும் 'நடைபாதை, 9' என்று எழுதினேன். ஜன்னல், பெஞ்ச், இரண்டு கதவு எல்லாம் அப்படியே இருக்கிறது. குமாஸ்தாக்களின் கழிப்பறைக்குப் போகிற ஒரே வழியை அந்த அறை வழியாகத் திருப்பிவிட்டேன். கட்டு அடுக்கி அதை அடைத்தால் மொத்த ஆபீஸும் அடக்கிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். தலைமைப் பொறியாளர் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். முப்பத்து நாலு வருஷத்தில் நான் செய்த ஒரே உருப்படியான தில்லுமுல்லு.

பன்னிரண்டில் ஒன்று. மற்ற பதினொன்றும் அப்படியேதான் இருக்கும். உன்னுடையதும்.

அதனால் 12-ஆம் தேதி வருகிறேன். வேண்டாம் என்று எழுதாதே. கடிதம் வந்து சேர்வதற்குள் நான் கிளம்பிவிடுவேன். சமாதானம் பேச வரவில்லை. "பேசினீங்கன்னா திரும்பி வீட்டுப் படி ஏறாதீங்க" என்று அண்ணியும் சொல்லி அனுப்புகிறாள். பெஞ்சில் நடுவில் யாராவது உட்கார மாட்டார்களா என்று எழுதியிருந்தாயே. நான் உட்காருகிறேன்.

அண்ணன்


செப்டம்பர் 20

அன்புள்ள அண்ணா,

ஊர் போய்ச் சேர்ந்தது பற்றி அண்ணி போனில் சொன்னாள். இடுப்புக்குத் தைலம் போட்டு நாலு நாள் படுத்திருக்கச் சொன்னாளாம், நீ கேட்கவில்லையாம். கேள்.

நேரில் உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. தெரியும்தானே, நேரில் பேசுவதும் நமக்குப் போன் மாதிரிதான். அதனால் எழுதுகிறேன்.

நீ படியேறி வருகிறபோது மூன்று தடவை நின்றாய். ஒவ்வொரு தடவையும் நின்று எண்ணிப் பார்த்துக்கொண்டாய். உள்ளே வந்ததும் என்னைக்கூடப் பார்க்காமல் நேராக அந்தச் சுவரிடம் போய் விரலை மடக்கித் தட்டிப் பார்த்தாய். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "ஒத்தைக்கல்லுதான் மச்சான், ஒரு இடி இடிச்சா போதும்" என்றார். நடுவில் வந்து உட்கார்ந்தாய். வெயில் வந்தது. மூன்று பேர் மடியிலும் சமமாக விழுந்தது. நீ இரண்டு தடவை கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். நல்லா அனுபவி என்று நினைத்தேன், பாவமாகவும் இருந்தது.

அவர் இருமியபோது மிட்டாய் டப்பாவை உன்னிடம் கொடுத்தேன். நீ ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு டப்பாவை அவர் பக்கம் நீட்டினாய். உனக்கு இருமலே இல்லையே அண்ணா. அவர் ஒன்று எடுத்துக்கொண்டு டப்பாவை மூடினார். மூடியை எப்போதும் சரியாகப் பொருத்த மாட்டார். அன்றைக்கு அழுத்தி மூடிக் கொடுத்தார். அது உன் வழியாகத் திரும்பி வந்தது. எட்டு மாதம் அந்த பெஞ்சில் என்னால் முடியாதது இவ்வளவுதான்.

உள்ளே நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. வெளியே வந்தால் உன்னால் எழுந்திருக்க முடியவில்லை. மூன்று மணி நேரம் உட்கார்ந்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. நீ போட்ட படி, நீயே இறங்க முடியவில்லை. ஒரு கையை அவர் பிடித்தார், இன்னொரு கையை நான் பிடித்தேன். ஒவ்வொரு படிக்கும் அவர் "மெதுவா, மெதுவா" என்றார். என்னையும் சேர்த்துச் சொன்ன மாதிரி இருந்தது. இருபத்திரண்டு படியும் அப்படித்தான் இறங்கினோம். தரைக்கு வந்ததும் அவர் விட்டார். நானும் விட்டேன். அவர் பஸ் நிலையத்துப் பக்கம் போனார். நாம் இந்தப் பக்கம் வந்தோம். நீ திரும்பிப் பார்த்தாய், நான் பார்க்கவில்லை. அவர் பார்த்தாரா என்று உன்னிடம் கேட்க வேண்டும் என்று இருந்தேன், கேட்கவில்லை. இப்போதும் சொல்ல வேண்டாம்.

நான் நன்றாக இருக்கிறேன். நேற்று ராத்திரி பத்து மணி நேரம் தூங்கினேன்.

முன்பெல்லாம் கடிதத்தின் கடைசியில் மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல் என்று எழுதுவாயே, இனிமேல் அதை என்னிடம் எழுதாதே. அவரிடமே எழுது. முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன். அவருக்குக் கடிதம் போட வேறு யாரும் இல்லை.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
உன் வாலு

பஸ் நிலையத்துக்குப் பின் தெரு,
மாடி, அறை எண் 4.

(இது நிஜ மாடிதான்.)